சேலத்தில் எண்ணப்பட்டவர்

அன்புள்ள ஐயா,

பெங்களூரு அல்சூரில் உட்கார்ந்துகொண்டு மாநகராட்சி பற்றி எழுதுகிறீர்கள். 12 வருஷமாக ஒயிட்ஃபீல்டில் இருக்கிறேன். வரி தவறாமல் கட்டுகிறோம், தண்ணீர் டேங்கரில்தான் வருகிறது. புதிய பிரிவினையில் உங்கள் மத்திய மாநகராட்சிக்கு 63 வார்டு, எங்கள் கிழக்குக்கு 50. எந்த ஊர் நியாயம் இது? அதிக வரி தரும் இடத்துக்கு அதிக வார்டு வேண்டாமா? (ஓட்டுப் போட இன்னமும் சேலத்துக்குத்தான் போகிறேன். அதனால் கேட்கக்கூடாது என்பீர்களோ!)

ஒரு வாசகர், ஒயிட்ஃபீல்ட்

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாகக் கேட்கலாம். ஆனால் 63-ஐ 50-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் பிடிபடாது. 2025 செப்டம்பரில் பெங்களூரு ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்துவிட்டது. அல்சூர் கவுன்சிலர் உங்கள் பட்ஜெட்டில் கை வைக்க முடியாது. மன்றமே வேறு.

உங்களுக்கு உண்மையான நஷ்டம் அதற்கு முன்பே நடந்தது. 2007-ல் ஏழு நகரசபைகள், கெங்கேரி டவுன், 110 கிராமங்கள் என எல்லாவற்றையும் பழைய மாநகராட்சியோடு சேர்த்தார்கள். 2009-ல் 198 வார்டுகளுக்குக் கோடு போட்டபோது கையில் இருந்தது 2001 மக்கள்தொகைக் கணக்கு. அந்த வார்டுகளை வைத்தே 2010-லும் 2015-லும் தேர்தல். இடைப்பட்ட காலத்தில் உங்கள் பக்கம் அடுக்குமாடிகள் முளைத்தபடி இருந்தன, ஓர் ஓட்டின் எடை குறைந்தபடி இருந்தது. எங்கள் தெருவில் சாக்கடை மூடி உடைந்தால் கவுன்சிலரைக் காலையில் டீக்கடையிலேயே பிடித்துவிட முடிந்தது. உங்களவருக்கு வார்டைச் சுற்றி வரவே அரை நாள் ஆகியிருக்கும். 2020 செப்டம்பரில் அவர்கள் பதவிக்காலம் முடிந்தது. அப்புறம் ஐந்து வருஷம் அதிகாரி ஆட்சி. உங்களுக்கும் கவுன்சிலர் இல்லை, எனக்கும் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் பூரண சமத்துவம்!

இப்போதைய 50-ம் பழைய கணக்குதான், 2011-உடையது. 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவே இல்லை. நீங்கள் வந்து 12 வருஷம் என்கிறீர்கள். அப்படியானால் அந்தக் கணக்கில் நீங்கள் சேலத்து ஆள். கிழக்குக்கு வார்டு பிரித்தபோது உங்கள் தலை அதில் இல்லை. உங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் தலையும் இல்லை.

வரி விஷயத்தில் மட்டும் ஒப்ப மாட்டேன். வரி கட்டியவனுக்கே ஓட்டு என்பது வெள்ளைக்காரன் காலத்து வழக்கம். எங்கள் அல்சூர் பக்கத்து மர்ஃபி டவுன் சந்துகளில் ஒற்றை அறையில் ஆறு பேர் இருக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கட்டும் வரி உங்கள் ஒரு ஃபிளாட்டுக்கு ஈடாகாது. ஆனாலும் ஆறு பேர் ஆறு பேர்தான். உங்கள் வாதத்துக்கும் அதுதானே பலம்? தலையை எண்ணினால் நீங்கள் ஜெயிப்பீர்கள். பணத்தை எண்ணப் போனால் எங்கள் எம்.ஜி. ரோடு கடைக்காரர்கள் உங்களோடு மல்லுக்கு நிற்பார்கள்.

அடுத்த கணக்கெடுப்பு 2027-ல். எண்ண வருகிறவரிடம் உங்கள் காவலாளி ‘வீட்டில் யாரும் இல்லை’ என்று சொல்லி அனுப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் குடியிருப்பில் எத்தனை பேருக்கு பெங்களூரில் ஓட்டு இருக்கிறது என்று விசாரித்து எழுத முடியுமா? நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன்.