சயின்ஸ் ஃபிக்‌ஷன் நாவல்ல வரலாற்றுக் காலம் வெறும் பின்னணிதானா?

இல்லவே இல்லங்க. கதையில யாருக்கு என்ன பயம்ங்கறதையே காலம்தான் முடிவு பண்ணுது. எங்க கும்பகோணம் பக்கத்தையே எடுத்துக்கோங்க, காவேரில வரப்போற தண்ணிய முன்கூட்டியே சொல்ற ஒரு மெஷின் ஒருத்தர்கிட்ட கிடைக்குதுன்னு வைங்க. அத 1924 ஜூலைல வச்சா, அதான் பெருவெள்ளம் வந்த வருஷம், மேட்டூர் அணை திறந்ததே 1934லதான், அதனால வெள்ளம் வருதுன்னு தெரிஞ்சாலும் மேல தண்ணிய நிறுத்த வழியே இல்ல, ஜனங்கள மேட்டுக்கு ஏத்தறதுதான் மொத்தக் கதையும், அதுக்கும் குத்தகைக்காரர் சொல்றத மிராசுதார் காதுல வாங்கணும், வெள்ளைக்கார கலெக்டர் நம்பணும். எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் புடிக்கும், மெஷின விட அத யார் சொல்றாங்கங்கறது பெருசாயிடுது.

அதே மெஷின் இன்னைக்குன்னா பயம் தலைகீழ், தண்ணி வராமப் போயிடுமோன்னுதான். ஜூன் 12 மேட்டூர் திறப்பாங்களா, குறுவை நெல்லு போடலாமா வேணாமா, அவ்ளோதான் கேள்வி.

எச்.ஜி.வெல்ஸ் 1898ல செவ்வாய்க்காரங்க இங்கிலாந்த தாக்குற நாவல் போட்டப்போ பிரிட்டனே ஊர் ஊரா புடிச்சு ஆண்டுட்டிருந்துச்சு, டாஸ்மேனியா மக்கள ஐரோப்பியர்கள் அழிச்சத அவரே முதல் அத்தியாயத்துல சொல்லிடறார். மத்தவங்களுக்குச் செஞ்சது தங்களுக்கே நடந்தா என்னங்கறதுதான் அங்க பயம்.