கழற்றி மாட்டும் பல்செட்: அக்ரிலிக், உலோகம், ஃபிளெக்ஸிபிள், எது வாய்க்கு உறுத்தாது?

மேல்வரிசையில் நாலைந்து பல் போனவர் கேட்பதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். உறுத்தலுக்குப் பெரும்பாலும் காரணம் பல் அல்ல, அண்ணத்தில் படியும் தகடு. அக்ரிலிக் தகடு உடையாமலிருக்க ஏறக்குறைய 2 மி.மீ. கனம் வேண்டும், கோபால்ட்-குரோமியம் என்ற உலோகக் கலவையில் அதில் பாதிக்கும் குறைவாகவே வார்த்துவிடலாம். நாக்கு இந்த வித்தியாசத்தை உடனே கண்டுபிடித்துவிடும். அதிலும் முன்பற்களுக்குப் பின்னால் வரிவரியாக மேடு இருக்கிறதே, ல, ன சொல்லும்போது நாக்கு நுனி தட்டும் பகுதி, அங்கே தகட்டின் விளிம்பு வந்தால் கொஞ்ச நாள் பேச்சு தடுமாறும். முடிந்தவரை அந்த இடத்தைத் திறந்துவிட்டு, நடு அண்ணத்தில் பட்டையாகக் கொண்டுபோவதுதான் நல்ல டிசைன். காபியின் சூடும் உலோகத்தில் நன்றாகத் தெரியும், அக்ரிலிக்கில் மந்தம்தான்.

குமட்டல் அதிகம் உள்ளவர்களுக்கு லாட வடிவத் தகடு உண்டு. ஆனால் அது வளையும் என்பதால் கனம் கூட்டவேண்டி வரும்.

சிரித்தால், செட்டைப் பக்கத்துப் பல்லோடு பிடித்து நிறுத்தும் கம்பி தெரியக்கூடாது என்பவர்கள்தான் ஃபிளெக்ஸிபிளுக்கு, அதாவது நைலான் போன்ற வளையும் பிளாஸ்டிக் செட்டுக்குப் போகிறார்கள். ஆசை நியாயமானது. சிக்கல் என்னவென்றால், உலோக செட்டில் பல்மேல் உட்கார்ந்து பாரம் தாங்கும் சிறு முட்டு இதில் பெரும்பாலும் இருக்காது. மெல்லும் அழுத்தம் முழுக்க ஈறில் இறங்கும். நாளைக்கு இன்னொரு பல் விழுந்தால் சேர்ப்பதும் கஷ்டம். அக்ரிலிக்கில் அது சுலபம்.

கம்பி, குமட்டல் எது பிரச்சினையானாலும் அளவெடுக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். உலோகம் வார்த்த பிறகு ஓரங்களைத் தேய்க்கலாம், வடிவத்தை மாற்ற முடியாது.