படகுத்துறைக்கு முதல் போடுமுன்

கேள்வி: அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான இடம் இருக்கிறது. தனியார் உல்லாசப் படகுகளை வாடகைக்குக் கட்டி வைக்கவும், டீசல் நிரப்பவும், பழுது பார்க்கவும் வசதியுள்ள சிறிய படகுத்துறை ஒன்றை அமைக்கலாம் என நானும் என் மைத்துனரும் எண்ணுகிறோம். ஆலோசகர் தந்த அறிக்கையில் புதுச்சேரிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளின் கணக்கே பக்கம் பக்கமாக இருக்கிறது. சுண்ணாம்பாறு படகு இல்லத்தைத் தவிர வேறு போட்டி இல்லை என்றும் அவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி இறங்கலாமா?
வாசகர், அரியாங்குப்பம்

பதில்: அந்த அறிக்கையை இப்போதைக்கு அலமாரியில் வைத்துவிடுங்கள். கடற்கரைச் சாலையில் உலாவி, ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பும் பயணி உங்களுக்கு வாடகை தரப்போவதில்லை. மாதம் தவறாமல் தர வேண்டியவர் படகு வைத்திருப்பவர். ஆண்டில் எத்தனை நாள் தரை தட்டாமல் கடலுக்குப் போய்த் திரும்ப முடியும் என்பதைப் பார்த்துத்தான் அவர் உங்கள் துறையில் படகைக் கட்டுவார். எனவே முதலில் பார்க்க வேண்டியது முகத்துவாரத்தை.

நம் கரையில் மார்ச் முதல் அக்டோபர் வரை தெற்கிலிருந்து வரும் அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அந்த ஓட்டம் தெற்கே திரும்பினாலும், ஆண்டுக் கணக்கில் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதே மிகுதி. 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று வாயில் கட்டிய இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் இந்த ஓட்டத்தை மறித்ததால் தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே நகரக் கடற்கரை அரித்துப்போய்க் கருங்கல் கொட்டிய கரையாயிற்று. தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் தடுப்பு அமைத்த பிறகே அங்கே மறுபடியும் மணலில் கால் வைக்க முடிகிறது. தெற்கே தேங்கும் மணலில் ஒரு பங்கு சுவரின் முனையைச் சுற்றிக்கொண்டு வாய்க்குள் புகுகிறது. அதை வெளியே தள்ளும் வலு ஆற்றுக்கு இல்லை. சங்கராபரணியின் கிளையான இதில் மழைக்காலம் போக மற்ற மாதங்களில் நீர்வரத்து சொற்பம், கடலின் ஏற்றவற்றமும் இங்கே ஒரு மீட்டரைத் தொடுவதில்லை. ஆகவே தூர்வாருவது நின்றால் வாய் மேடிடும். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தின் விசைப்படகுக்காரர்கள் தூர்வாரக் கோரிப் போராடிய செய்திகளை நீங்களே படித்திருப்பீர்கள். அவர்களுக்காக அரசு தூர்வாரும் வரையில் உங்களுக்கும் வழி திறந்திருக்கும். உங்கள் தொழிலின் தலைவாசல் பிறர் கையில் இருக்கிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

ஆழத்தை ஆலோசகர் சொல்லக் கேட்காமல் நீங்களே அளந்து பார்க்கலாம். ஒரு கண்ணாடியிழைப் படகையும், படகு ஓட்டுபவரையும், அடையாள முடிச்சுகள் போட்ட கயிற்றில் ஈயக்குண்டையும் எடுத்துக்கொண்டு முகத்துவாரத்தின் குறுக்கே குறித்து வைத்த அதே இடங்களில் மாதம் ஒருமுறை அளந்து, நேரத்தையும் எழுதிவையுங்கள். கடலின் ஏற்றவற்ற நேரத்தையும் உயரத்தையும் சொல்லும் இந்திய நில அளவைத் துறையின் ஓத அட்டவணையைக் கொண்டு அந்த அளவைத் தாழ்நீர் மட்டத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஏற்றத்தில் எடுத்த அளவு உங்களை ஏமாற்றும். அடிக்கட்டை உள்ள பாய்ப்படகு ஒன்று நீருக்குள் ஒன்றரை மீட்டர் அமிழ்வதாக வைத்துக்கொள்வோம். வாயில் ஒரு மீட்டர் அலை இருந்தால் அலைப் பள்ளத்தில் படகு அரை மீட்டர் கீழே இறங்கும். அதற்கு மேல் கொஞ்சமாவது இடைவெளி வேண்டும் என்பதால் தாழ்நீரில் இரண்டரை மீட்டர் இல்லாத வாயில் அந்தப் படகை நம்பிக் கொண்டுபோக முடியாது. வெளி இயந்திரம் பொருத்திய கண்ணாடியிழைப் படகுக்கு இதில் பாதி ஆழமே தாராளம். எந்த வகைப் படகுக்கு நீங்கள் துறை கட்டுகிறீர்கள் என்பதற்கு இந்த அளவே விடை சொல்லிவிடும்.

உங்கள் இடம் கடலூர் சாலைப் பாலத்துக்கு மேற்கே இருக்கிறதா, கிழக்கே இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. மேற்கே என்றால் பாய்ப்படகை இன்றோடு மறந்துவிடலாம். முப்பது அடிப் படகின் பாய்மரமே நீருக்கு மேல் 10 மீட்டரைத் தாண்டும், பாலத்தின் அடியில் அது நுழையாது. ஆலோசகரின் அறிக்கையில் பாலத்தைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவர் அந்த இடத்துக்கு வரவே இல்லை என்று நான் துணிந்து சொல்வேன்.

அடுத்தது நாள் கணக்கு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்றும் புயலும். கோடை தொடங்கிய பிறகு காலையில் அடங்கியிருக்கும் கடல், பிற்பகலில் கடற்காற்று எழுந்ததும் குறுக்கலை அடிக்கும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பொதுவாக நல்ல காலம். விடுமுறைக் கூட்டமோ கிறிஸ்துமஸ், புத்தாண்டை ஒட்டியும் மே மாதத்திலும் வருகிறது; கடல் இணங்கும் மாதங்களும் கூட்டம் வரும் மாதங்களும் பெரும்பாலும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. இதில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வேறு. தடை உல்லாசப் படகுக்கு இல்லைதான். ஆனால் அந்த நாட்களில் விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்துக்குள் நெருக்கியடித்து நிற்கும், தச்சரும் இயந்திர மெக்கானிக்கும் அவர்களின் பழுது வேலையில் மூழ்கியிருப்பார்கள். உங்கள் பழுதுபார்க்கும் பட்டறைக்கு அந்த இரண்டு மாதம் ஆள் கிடைக்காது, அல்லது அதே பட்டறைக்கு அப்போதுதான் நல்ல வருமானம் கிடைக்கும். எது நடக்கும் என்பது மீனவர்களோடு உங்களுக்குள்ள உறவைப் பொறுத்தது.

போட்டியைப் பற்றி ஆலோசகர் சொன்னதை நான் ஏற்கவில்லை. சுண்ணாம்பாறு படகு இல்லம், சென்னை வழியில் முட்டுக்காடு, தெற்கே பிச்சாவரம் ஆகிய மூன்றும் அரசு சுற்றுலாக் கழகங்கள் நடத்தும் சவாரித் தொழில்கள். மணிக் கணக்கில் சீட்டு விற்கும் அவை உங்களுக்குப் போட்டியே அல்ல. உங்கள் போட்டியாளர் இலவசமாகக் கிடைக்கும் மணல். படகை டிராக்டரால் கரையேற்றி, காவலுக்கு ஒருவரை அமர்த்தினால் முடிந்தது என்று இருப்பவரை மாத வாடகைக்கு வரவழைப்பது எளிதல்ல. பெரிய பாய்ப்படகு வைத்திருப்பவர்களுக்குச் சென்னைத் துறைமுகத்துக்குள் 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. அங்கிருந்து இங்கே சுமார் 75 கடல் மைல், அதாவது ஐந்து கடல் மைல் வேகத்தில் பதினைந்து மணி நேரம். அந்தத் தூரம் வந்தவர் ஓரிரவு தங்குவார், ஆண்டு வாடகை கட்டமாட்டார். கொச்சி போல்காட்டியில் மெரினா என்ற உல்லாசப் படகுத்துறை நடக்கிறதே என்பீர்கள். அங்கே பெரிய துறைமுகத்துக்காக ஆண்டு முழுதும் ஆழமாக வைத்திருக்கும் கால்வாய் பக்கத்திலேயே இருக்கிறது.

எனக்குத் தெரிந்தவரை உங்களுக்கு உறுதியாக வாடகை தரக்கூடியவர்கள் ஆழ்கடல் முக்குளிப்புப் பயிற்சி நடத்துகிறவர்களும், தூண்டில் மீன்பிடிப்புக்கு ஆள் அழைத்துப் போகிறவர்களும்தான். அவர்களிடம் போய் "படகுத்துறை வந்தால் வருவீர்களா" என்று கேட்காதீர்கள். எல்லோரும் வருவோம் என்றே சொல்வார்கள். இப்போது காவலுக்கும், டீசல் சுமந்து வரவும், படகை இறக்கி ஏற்றவும் மாதம் என்ன செலவாகிறது என்று கேளுங்கள். அந்தத் தொகைக்கு மேல் நீங்கள் வாங்க முடியாது.

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின் கீழ் அனுமதி பெறாமல் ஒரு முளைகூட அடிக்கக் கூடாது. கரையில் அலையாத்தி நிற்கிறது என்றால் வேறு இடம் பாருங்கள். அனுமதிக்கு விண்ணப்பிக்கும் முன்பே மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தில் போய் உட்கார்ந்து பேசுங்கள். ஆற்றில் வலை போடும் இடம் எது, அலை எழாமல் மெதுவாகப் போக வேண்டிய நேரம் எது என்பதை அவர்கள் வாயால் சொல்லக் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

கேள்வி: பாண்டிச்சேரியில் இத்தனை சிக்கல் என்றால் கடலூரில் அமைக்கலாமே? தாழங்குடாவில் தென்பெண்ணை முகத்துவாரம் அகலமாகத்தானே இருக்கிறது?
வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: அகலம் இருக்கிறது, ஆழம் நிலைப்பதில்லை. கோடையில் மணல் திட்டு, மழையில் வெள்ளம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து ஒரு லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டபோது தென்பெண்ணை என்ன செய்தது என்பதைக் கரையோர ஊர்கள் மறக்கவில்லை. கெடிலமும் உப்பனாறும் சேரும் பழைய துறைமுகப் பக்கம் ஓரளவு பாதுகாப்பானது, ஆனால் அங்கே மீன்பிடிப் படகுகளுக்கே இடம் போதவில்லை.

கேள்வி: புயல் வந்தால் மிதவை மேடையில் கட்டிய படகுகள் தாங்குமா?
வாசகர், முதலியார்பேட்டை

பதில்: மேடையைப் பிடித்திருக்கும் தூண்களின் உயரத்தைப் பொறுத்தது. புயல் கடலை உயர்த்தும் அதே நேரத்தில் ஆற்றிலும் வெள்ளம் இறங்கினால் மேடை தூணின் தலைக்கு மேல் மிதந்து கழன்றுவிடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே காற்றால் அடித்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. இரண்டும் ஒன்றாக வந்தால் நீர் எவ்வளவு ஏறும் என்று பொறியாளரிடம் கணக்குக் கேட்டு, அதற்கு மேல் தூணை நிறுத்தச் சொல்லுங்கள். அப்படிச் செய்தாலும், புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியதும் சிறிய படகுகளைக் கரையேற்றிவிட வேண்டும். அதற்குச் சரிவுத் தளமும் காலியிடமும் தேவை. யார் கரையேற்றுவது, யார் செலவில் என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கூண்டு ஏறிய பிறகு பெங்களூரில் இருக்கும் உரிமையாளரைத் தொலைபேசியில் தேடிப் பிடிப்பது நடக்கிற காரியமல்ல.