மான்ஜிரோவின் ஊர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

திமிங்கில வேட்டைக் கப்பல்கள் பற்றி நீங்கள் எழுதியதில், அமெரிக்காவின் ஃபேர்ஹேவனுக்கு ஜப்பானில் டோசாஷிமிசு என்றொரு சகோதர நகரம் உண்டு என்று ஒரே ஒரு வரி வந்தது. சகோதர நகரம் என்றாலே மேயர்கள் பொன்னாடை போர்த்திக்கொண்டு போட்டோ எடுப்பதுதானே? அங்கே மட்டும் அப்படி என்ன இருக்கிறது? அடுத்த ஆண்டு ஒசாகாவிலிருக்கும் மகளைப் பார்க்கப் போகிறேன். அந்த ஊரில் பார்க்க ஏதாவது உண்டா?

ச., தூத்துக்குடி

அன்புள்ள ச.,

பொன்னாடை விஷயத்தில் நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. அமெரிக்க, ஜப்பானிய நகரங்களுக்கிடையே இந்த வழக்கம் 1955இல் நாகசாகியும் செயின்ட் பாலும் கைகோத்ததில் தொடங்கியது. பின்னால் வந்தவற்றில் பல, கையெழுத்தோடு சரி. டோசாஷிமிசு அந்தக் கணக்கில் வராது. ஒப்பந்தம் போட்டது 1987இல். உறவு தொடங்கியது 1841இல்.

அந்த ஆண்டு ஜனவரியில் ஐந்து பேர் ஒரு சின்னப் படகில் மீன் பிடிக்கப் போனார்கள். இன்றைய டோசாஷிமிசுவில் அடங்கிய நாகானோஹாமா என்ற கடற்கரைக் கிராமத்துப் பையன் மான்ஜிரோ அவர்களில் இளையவன். பதினான்கு வயது, அப்பா இல்லை. புயல் அடித்துக்கொண்டு போய் தோரிஷிமா என்ற ஆளில்லாத தீவில் தள்ளியது. மழைத் தண்ணீரைக் குடித்து, அல்பட்ராஸ் பறவைகளைப் பிடித்துத் தின்று ஐந்து மாதம்போல உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஜூனில் அந்தப் பக்கம் வந்த 'ஜான் ஹௌலண்ட்' என்ற அமெரிக்கத் திமிங்கிலக் கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டது. ஊரில் கொண்டுபோய் விடலாமே என்றால், முடியாது. அன்றைய ஜப்பானில் வெளிநாட்டுக் கப்பல் கரை நெருங்கக் கூடாது. வெளியே போய்த் திரும்புகிறவனுக்குச் சட்டப்படி மரண தண்டனை.

மற்ற நால்வரும் ஹொனலூலுவில் இறங்கிவிட்டார்கள். கேப்டன் வில்லியம் விட்ஃபீல்ட் பையனைத் தன் ஊரான ஃபேர்ஹேவனுக்கு அழைத்துப்போய்ப் பள்ளியில் சேர்த்தார். கணிதம், நிலஅளவை, கப்பல் செலுத்தும் கலை எல்லாம் அங்கேதான் படித்தான். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் சர்ச் விவகாரம். கேப்டன் குடும்பத்தோடு அவன் ஒரே பெஞ்சில் உட்காரக் கூடாது, கறுப்பர்களுக்கான இடத்தில்தான் உட்கார வேண்டும் என்றார்கள். கேப்டன் வாக்குவாதம் செய்யவில்லை. போகும் தேவாலயத்தையே மாற்றினார். அங்கேயும் அதே பேச்சு. கடைசியில் யூனிடேரியன் என்ற கிறிஸ்தவ சபை ஏற்றுக்கொள்ள, குடும்பமே அங்கே போய்விட்டது.

அப்புறம் மான்ஜிரோ திமிங்கிலக் கப்பலில் வேலை பார்த்தான், கலிஃபோர்னியாவில் தங்கம் தோண்டினான், அந்தக் காசில் ஒரு படகு வாங்கி, பழைய தோழர்கள் இருவரோடு 1851இல் இன்றைய ஒகினாவாவில் கரையேறினான். மாதக்கணக்கில் விசாரணை. தலை தப்பியது; 1852இல் அம்மாவைப் பார்த்தான். அடுத்த ஆண்டே, ஜப்பான் கதவைத் திறக்க வேண்டும் என்று அமெரிக்கத் தளபதி பெர்ரியின் போர்க்கப்பல்கள் வந்து நின்றன. அமெரிக்காவில் வாழ்ந்து ஆங்கிலம் பேசும் ஜப்பானியன் வேறு எங்கே கிடைப்பான்? மீனவன் மகனை, அன்று நாட்டை ஆண்ட ஷோகன் அரசு சாமுராய் ஆக்கியது. ஆனால் அமெரிக்கர்களுக்கு உளவு சொல்லிவிடுவானோ என்று பேச்சுவார்த்தை மேசைக்கு மட்டும் விடவில்லை. அரசாங்கம் என்றால் எங்கேயும் அப்படித்தான்.

1870இல் ஐரோப்பா போகும் வழியில் அவர் ஃபேர்ஹேவனுக்குப் போய்க் கேப்டனைப் பார்த்தார். இருவரும் மறைந்த பிறகு, 1918இல் மான்ஜிரோவின் மகன் அந்த ஊருக்கு ஒரு சாமுராய் வாளைப் பரிசாகக் கொடுத்தார். பின்னாளில் பேரரசரான அகிஹிதோ, 1987இல் பட்டத்து இளவரசராக இருந்தபோது ஃபேர்ஹேவனுக்கு வந்தார். விட்ஃபீல்டின் வீட்டை ஜப்பானிலிருந்து வந்த நன்கொடையால் புதுப்பித்து 2009இல் திறந்தார்கள். நாகானோஹாமாவில் மான்ஜிரோ பிறந்த கூரை வீட்டையும் மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு மான்ஜிரோ அருங்காட்சியகத்துக்கும் போகலாம்.

ஊர் ஷிகோகு தீவின் தென்மேற்கு மூலையில், கோச்சி மாநிலத்தில் இருக்கிறது. அதன் அஷிசூரி முனையில் பாறை சட்டென்று முடிந்து பசிபிக் தொடங்கிவிடும். அங்கே மான்ஜிரோவின் சிலை, கையில் கவராயத்தோடு. எதிரே கொங்கோஃபுகுஜி கோயில். ஷிகோகுவின் 88 கோயில் யாத்திரையில் இது 38ஆவது. 37இலிருந்து நடந்து வர 80 கிலோமீட்டருக்கும் மேல்; யாத்திரையிலேயே நீளமான இடைவெளி இதுதான். அங்குள்ள தெய்வம், பௌத்தர்கள் கருணையின் வடிவமாக வணங்கும் ஆயிரங்கை அவலோகிதர். தென்கடலுக்கு அப்பால் அவர் வாழும் பொதலக மலைக்கு என்று இந்த முனையிலிருந்து துறவிகள் படகேறினார்கள், திரும்பும் எண்ணமே இல்லாமல். அந்த மலை தென்னிந்தியாவில் மலய மலைக்குக் கிழக்கே இருப்பதாக யுவான் சுவாங் எழுதினார். அது நம் பொதிகைதான் என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். அகத்தியர் தமிழ் கேட்டதே அவலோகிதரிடம் என்கிறது வீரசோழியம் என்ற பழைய இலக்கண நூல். தாமிரபரணிக் கரையிலிருந்து போகிறவர் அங்கே கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கலாம்.

தட்சுகுஷி கடற்கரையில் கடல் அரித்த பாறைகள் மூங்கிலை வரிசையாகப் படுக்க வைத்ததுபோல் கிடக்கும். கண்ணாடி அடித்தளப் படகில் பவளமும் பார்க்கலாம். ஆனால் நான் அதைவிட சோதாபுஷியைச் சிபாரிசு செய்வேன். சூரை இனத்துச் சின்ன மீனை அவித்து, விறகுப் புகையில் வாட்டி, கட்டைபோல் இறுகும்வரை காயவைப்பது. நம் மாசிக் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஜப்பானில் இது மிக அதிகமாகத் தயாராவது இங்கேதான். டோக்கியோவில் சோபா என்ற நூடுல்ஸ் விற்கும் கடைகளின் சாறுக்கு அழுத்தம் கொடுப்பது இது. இதன் துண்டுகளைப் போட்ட கண்ணாடிப் பாட்டிலாகவும் விற்கிறார்கள். அதில் சோயா சாஸை ஊற்றி இரண்டு வாரம் விட்டால் வாசனை இறங்கிவிடும். தீர்ந்தால் மறுபடி ஊற்றிக்கொள்ளலாம். மகளுக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

ஊருக்கு ரயில் கிடையாது. ஒசாகாவிலிருந்து ஒகயாமா, கோச்சி வழியாக நகமுரா நிலையம், அங்கிருந்து பஸ். ஒரு பகல் போய்விடும், அதனால் இரண்டு ராத்திரியாவது தங்குங்கள். ஆகஸ்ட், செப்டம்பர் வேண்டாம், புயல் காலம். பிப்ரவரி என்றால் முனையில் கமேலியா பூத்திருக்கும்.