நெடுங்கடல் பயணத்தில் துணியும் சலவையும்: கேள்வி பதில்

பயணிகள் கப்பல்களில் அறைப் பராமரிப்புப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், நீண்ட பயணத்துக்குத் துணி எடுத்துவைப்பது பற்றியும் கப்பலில் துவைத்துக்கொள்வது பற்றியும் பலர் என்னிடம் கேட்டிருந்தார்கள். அந்தக் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரு வாரப் பயணம் போகிறவர்களுக்கு இவற்றில் பெரும்பகுதி தேவைப்படாது.

ஐயா, லண்டனில் இருக்கும் மகள் எங்கள் இருவருக்கும் ஜனவரியில் சவுத்தாம்ப்டனிலிருந்து புறப்படும் கியூனார்ட் கப்பல் நிறுவனத்தின் உலகப் பயணத்துக்கு இடம் பதிவு செய்திருக்கிறாள். நூறு நாளுக்கு மேற்பட்ட பயணம். எத்தனை செட் துணி எடுத்துச் செல்வது? (ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சி)

அம்மா, பயணம் எத்தனை நாள் என்று பார்க்காமல், எத்தனை நாளுக்கு ஒருமுறை துவைக்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். வாரம் ஒருமுறை துவைப்பதாக இருந்தால் பத்து நாளுக்குப் போதுமான துணி நூறு நாளுக்கும் போதும். உள்ளாடையும் காலுறையும் மட்டும் பதினான்கு நாளுக்கு இருக்கட்டும், ஏனென்றால் துவைக்கும் நாள் தள்ளிப்போனால் முதலில் தீர்ந்துபோவது அவைதான். கப்பலில் பெட்டிகளுக்குப் பெரிய கட்டுப்பாடு இராது என்றாலும், சென்னையிலிருந்து லண்டன் போகும் விமானத்தில் ஒரு பெட்டி பெரும்பாலும் 23 கிலோவைத் தாண்டக்கூடாது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் பல விமான நிறுவனங்களில் 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆகவே உங்கள் உண்மையான எல்லை விமானம்தான்.

ஜனவரியில் சவுத்தாம்ப்டன் குளிரில் நடுங்கும். சில நாட்களிலேயே வெயில் பகுதிக்குள் நுழைந்துவிடுவீர்கள். ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது அங்கே கோடைக்காலமாக இருக்கும். ஒரு கனமான கோட்டுக்குப் பதிலாக ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்ளும் மெல்லிய கம்பளிச் சட்டைகள் இரண்டும், காற்றும் மழையும் புகாத மேலாடை ஒன்றும் எடுத்துக்கொள்வது நல்லது. அச்சிட்ட பயண வழியை மட்டும் நம்பித் துணியைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம். செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால் 2024 முதல் பல உலகப் பயணங்கள் சூயஸ் கால்வாயை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிச் சென்றதை நீங்களும் படித்திருப்பீர்கள்.

எல்லாக் கப்பலிலும் நாமே துவைத்துக்கொள்ளும் இயந்திரம் இருக்குமா? (கோயம்புத்தூர்)

இருக்காது. பலரும் இதைக் கப்பலில் ஏறிய பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். கியூனார்டிலும் வைக்கிங்கின் கடற்கப்பல்களிலும் பயணிகளுக்கான சலவை அறை இலவசம். பிரின்சஸ் நிறுவனக் கப்பல்களில் பெரும்பாலும் காசு கொடுத்துப் பயன்படுத்தும் அறைகள் உண்டு. ராயல் கரீபியன், செலிபிரிட்டி ஆகியவற்றில் பயணிகளுக்கென்று அப்படி அறையே கிடையாது. அறைப் பணியாளரிடம் துணியைக் கொடுத்துவிட்டுக் கட்டணம் செலுத்துவது ஒன்றே வழி. ஒரே நிறுவனத்துக்குள் கப்பலுக்குக் கப்பல் வேறுபாடு உண்டு என்பதால், பதிவு செய்வதற்கு முன்பே கப்பலின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். இருபது நாளுக்கு மேற்பட்ட பயணத்தில் நீச்சல்குளத்தின் அளவைவிட இந்தக் கேள்வியின் பதில் முக்கியம் என்பது என் கருத்து.

கையடக்க இஸ்திரிப்பெட்டி எடுத்துச் செல்லலாமா? பால்கனி அறை எடுத்திருக்கிறோம். துணியை அங்கே காயப்போடலாமா? (சேலம்)

இரண்டும் கூடாது. இஸ்திரிப்பெட்டியும் ஆவியால் சுருக்கம் நீக்கும் கருவியும் ஏறும் இடத்திலேயே ஊடுகதிர் சோதனையில் பிடிபடும். வாங்கி வைத்துக்கொண்டு இறங்கும்போது திருப்பிக் கொடுப்பார்கள். நடுக்கடலில் தீயணைப்பு வண்டி வராது என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தக் கெடுபிடியின் நியாயம் விளங்கும். 2006 மார்ச்சில் ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் பால்கனிப் பகுதியில் பற்றிய தீ, மேல்தளங்களுக்கும் பரவி ஏராளமான அறைகளை நாசமாக்கியது. அணையாத சிகரெட் துண்டே காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் கருதப்பட்டது. பால்கனியில் தொங்கும் துணி அப்படியொரு பொறிக்கு எரிபொருளாகிவிடும்; தீ இல்லாவிட்டாலும் காற்று அதைக் கடலுக்குக் கொண்டு போய்விடும். சுருக்கம் எடுக்க வேண்டுமென்றால் சலவை அறையில் இஸ்திரி மேசை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சுடுநீரில் குளிக்கும்போது துணியைக் குளியலறையில் தொங்கவிட்டு, பிறகு கையால் நீவி விடுங்கள், ஓரளவுக்குச் சரியாகும்.

அறைக்குள்ளேயே வாஷ்பேசினில் துவைத்தால் காயுமா? குழாயில் வருவது கடல்நீரா? (தூத்துக்குடி)

கடல்நீர் வராது. கடல்நீரைக் காய்ச்சி வடித்தோ, சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரித்தோ கப்பலிலேயே நன்னீர் செய்கிறார்கள். சில துறைமுகங்களிலும் நிரப்பிக்கொள்வது உண்டு. கப்பலிலேயே செய்யும் இந்த நீர், நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரைப் போலக் கடினமானது அல்ல. அதனால் சோப்பு அளவுக்கு மீறி நுரைக்கும், அலசினால் லேசில் போகாது. வீட்டில் போடுவதில் பாதித் தூள் போதும்.

காய்வதைத்தான் கவனிக்க வேண்டும். பெரும்பாலான குளியலறைகளில் இழுத்து மாட்டும் கொடி ஒன்று இருக்கும், ஆனால் அங்கே காற்றோட்டம் குறைவு. துவைத்த துணியைக் கையால் பிழிந்து, விரித்த உலர்ந்த துவாலையின்மேல் பரப்பி, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி முறுக்குங்கள். நீரில் பெரும்பகுதியைத் துவாலை குடித்துவிடும். பிறகு ஹேங்கரில் மாட்டி, குளிர்காற்று வெளிவரும் துளைக்கு எதிரே தொங்கவிட வேண்டும், ஏனெனில் குளிர்சாதனம் காற்றிலிருந்து ஈரத்தை எடுத்துவிடுகிறது. அறைச் சுவர்கள் பெரும்பாலும் எஃகுத் தகடு என்பதால் காந்தக் கொக்கிகள் நன்றாக ஒட்டும். அரை டஜன் கொக்கி கொண்டுபோனால் அவற்றின் அருமை புரியும். பாலியெஸ்டர், நைலான், மெல்லிய கம்பளி ஆகியவை ஓர் இரவில் காய்ந்துவிடும். கெட்டிப் பருத்தியும் ஜீன்ஸும் இரண்டாம் நாளும் ஈரமாகவே இருந்து நாற்றம் பிடிக்கும். ஜீன்ஸைக் கையால் துவைக்கவே வேண்டாம்.

கடலில் குளித்துவிட்டு வந்த துணியை அன்றே நன்னீரில் அலசிவிடுங்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால், உப்பு தங்கிய துணி எத்தனை நாள் தொங்கினாலும் பிசுபிசுப்பாகவே இருக்கும்.

முறைசார் உடை அணியும் இரவுகளுக்குக் கோட்டும் டையும் கட்டாயமா? பட்டுப்புடவையைக் கப்பல் சலவைக்குக் கொடுக்கலாமா? (மதுரை)

கியூனார்டில் ‘காலா’ (Gala) என்று அழைக்கும் முறைசார் உடை இரவுகளில் முறையான தேசிய உடையும் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. நல்ல பட்டுப்புடவை அங்கே எந்த மாலைநேர கவுனுக்கும் குறைந்ததாக இராது. ஆண்களுக்குக் கழுத்துமூடிய பந்த்கலா கோட்டு பொருத்தம். பட்டுக்கரை வேட்டியை விரும்புகிறவர்கள் ஒருமுறை நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

சலவைக்குக் கொடுப்பதைப் பொறுத்தவரை, கூடாது என்பதே என் உறுதியான பதில். கீழ்த்தளத்தில் இருக்கும் அந்தச் சலவைக்கூடம் ஆயிரக்கணக்கான படுக்கை விரிப்புகளையும் துவாலைகளையும் அன்றாடம் சமாளிப்பதற்காக அமைந்தது; சரிகையை எப்படிக் கையாள்வது என்று அங்கிருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. இரண்டு பட்டுப்புடவைகளை மாற்றி மாற்றி உடுத்தி, களைந்ததும் நிழலில் காற்றாட விட்டு, மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ஊர் திரும்பிய பிறகு உலர்சலவைக்குக் கொடுத்துக்கொள்ளலாம். மற்ற இரவுகளுக்கு கிரேப், ஜார்ஜெட் வகைகள் எடையும் குறைவு, கசங்கவும் கசங்கா.

மஞ்சள் கறை பட்டால் என்ன செய்வது? (சிங்கப்பூர்)

சோப்பின் காரம் பட்டதும் மஞ்சள் சிவப்பாக மாறும். அதைக் கண்டு பயந்து சுடுநீரை ஊற்றிவிடாதீர்கள். முதலில் எண்ணெய்ப் பசையைப் பாத்திரம் தேய்க்கும் திரவத்தின் ஒரு துளியால் நீக்கிவிட்டுக் குளிர்ந்த நீரில் அலசுங்கள். மிச்சக் கறையை வெயில் வெளுத்துவிடும், ஆனால் துணியைப் பால்கனியில் போட முடியாதே. அறையின் உட்புறம் வெயில் விழும் கண்ணாடிக்கு அருகே வைத்தாலும் மெல்ல மங்கும்.

பொதுச் சலவை அறைக்கு எப்போது போனால் கூட்டம் இராது? (சென்னை)

துறைமுகத்தில் நிற்கும் நாளின் காலை அல்லது இரவு உணவு நேரம். கடலிலேயே ஓடும் நாட்களில் காலை பத்து மணிக்குப் போனால் ஊர்ச் செய்தி முழுவதும் கேட்கலாம், இயந்திரம் கிடைக்காது. துணியைப் போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். முடிந்தும் எடுக்காத துணியை அடுத்தவர் எடுத்து வெளியே வைத்துவிடுவார், சண்டையும் வரும். டிரையரின் வடிகட்டியில் சேரும் பஞ்சை ஒவ்வொரு முறையும் எடுத்துவிடுங்கள், அது தீப்பற்றக்கூடியது.

கப்பல் சலவைக்குக் கொடுத்தால் கட்டுப்படியாகுமா? (திருநெல்வேலி)

ஒவ்வொரு துணிக்கும் தனித்தனியாகக் கட்டணம் கட்டினால் கட்டுப்படியாகாது. நீண்ட பயணங்களில் இடையிடையே ஒரு பை நிறைய அடைத்துக் கொடுத்தால் ஒரே கட்டணம் என்று சலுகை அறிவிப்பார்கள். அந்த நாளுக்காகக் காத்திருந்து, துணிகளை இறுகச் சுருட்டி அடைத்துக் கொடுங்கள். பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா போன்றவை அடிக்கடி பயணம் செய்து உயர்நிலை உறுப்பினராகிவிட்டவர்களுக்கு இலவசமாகவே துவைத்துத் தருகின்றன. சூடான டிரையரில் சுருங்கக்கூடிய பருத்திச் சட்டைகளை மட்டும் கொடுக்காதீர்கள்.

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து துணி அழுக்காகிவிட்டால்? (யாழ்ப்பாணம்)

அதைப் பொதுச் சலவை அறைக்குக் கொண்டு போகவே கூடாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோ வைரஸ் மிக எளிதில் தொற்றும். ஆல்கஹால் கலந்த கைத்திரவம் அதற்குப் போதாது, சோப்பு போட்டுத்தான் கை கழுவ வேண்டும். மருத்துவ மையத்துக்குச் சொன்னால் அந்தத் துணிகளைத் தனிப் பையில் எடுத்துக்கொண்டு போய் வெந்நீரில் துவைக்க ஏற்பாடு செய்வார்கள். கூச்சப்பட்டு மறைப்பவர்களால்தான் அது ஒரு தளம் முழுவதும் பரவுகிறது.

சில நாடுகளில் சில உடைகளுக்குத் தடை உண்டாமே? (ஈரோடு)

உண்டு. பார்படோஸ், ஜமைக்கா, செயின்ட் லூசியா முதலிய கரீபியன் நாடுகளில் ராணுவப் பச்சைப்புள்ளி உடையைப் பொதுமக்கள் அணிவது சட்டப்படி குற்றம். குழந்தைகளின் அரைக்கால்சட்டைக்கும் அது பொருந்தும். மஸ்கட்டில் சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசலுக்குள் போகப் பெண்கள் தலை, கை, கால் மூடியிருக்க வேண்டும். ஒரு துப்பட்டாவும் முழுக்கைச் சல்வாரும் போதும். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் செருப்பு, காலணிகளின் அடியில் மண் ஒட்டியிருந்தால் விடமாட்டார்கள். முந்தைய இரவே பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி வையுங்கள்.

கடைசி நாளுக்கு ஏதேனும் யோசனை? (கொழும்பு)

இறங்குவதற்கு முந்தைய இரவே பெட்டிகளைப் பூட்டி அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். காலையில் அவை கரையில்தான் கைக்குக் கிடைக்கும். எல்லாவற்றையும் அடைத்து அனுப்பிவிட்டு, இரவு உடையோடு கரைக்கு இறங்கியவர்களை எங்கள் பிரிவில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மறுநாள் உடை, உள்ளாடை, காலணி, மருந்து ஆகியவற்றைக் கைப்பையில் தனியாக வைத்த பிறகே பெட்டியைப் பூட்டுங்கள். கடைசி இரண்டு நாளில் எதையும் துவைக்க வேண்டாம். ஈரத்துணி பெட்டிக்குள் போனால் வீடு சேர்வதற்குள் மற்றத் துணிகளிலும் பூஞ்சை மணம் ஏறிவிடும். அழுக்குத்துணியை ஒரே பெட்டியில் அடைத்துவிட்டால், வீட்டில் அந்தப் பெட்டியை மட்டும் நேராகத் துவைக்கும் இடத்துக்குக் கொண்டு போய்விடலாம்.