ஜெல்டா 2-ஐ மறுபடி எடுக்கலாமா? ரெட்ரோ கேம் கேள்வி-பதில்

கேள்வி: நின்டெண்டோவின் முதல் ஜெல்டா விளையாட்டை ரசித்து முடித்தேன். இரண்டாம் பாகத்தை டெத் மவுண்டன் என்ற மலைக் குகைகளோடு விட்டுவிட்டேன். மறுபடி தொடங்கினால் தேறுமா?

பதில்: தேறும். ஆனால் முதல் பாகத்தை மனதில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். 1987 ஜனவரியில் ஜப்பானில் வெளியான இது அடிப்படையில் வேறு ஜாதி. சண்டையெல்லாம் பக்கவாட்டுக் காட்சியில் நடக்கும். எதிரியைக் கொன்றால் அனுபவப் புள்ளி சேரும். சண்டையை விட இந்தப் புள்ளிக் கணக்குதான் பலரைத் தடுக்கி விழ வைக்கிறது.

அட்டாக் (அடிக்கும் பலம்), மேஜிக் (மந்திரத் திறன்), லைஃப் (அடி தாங்கும் பலம்) மூன்றும் 8 லெவல் வரை ஏறும். முதல் ஏற்றத்துக்கு லைஃப் 50, மேஜிக் 100, அட்டாக் 200 புள்ளி கேட்கும். 50 சேர்ந்ததும் திரை கேட்பதற்குத் தலையாட்டினால் லைஃப்தான் ஏறும். கேன்சல் கொடுத்து 200 வரை பொறுத்தால் அட்டாக் ஏறும். தொடக்கத்தில் அட்டாக்தான் முக்கியம். நாலு குத்தில் சாகிறவன் மூன்றில் செத்தால், உங்களை அடிக்க அவனுக்குக் கிடைக்கும் நேரமும் குறையும்.

மூன்று உயிரும் போனால் கையிலிருக்கும் புள்ளி பூஜ்யம். ஏறிய லெவல் அப்படியே இருக்கும். ஆகவே ஏற்றத்துக்கு இன்னும் பத்து இருபது புள்ளிதான் பாக்கி என்றால் புதிய குகைக்குள் நுழையாதீர்கள், வெளியிலேயே முடித்துவிட்டுப் போங்கள். அரண்மனைத் தலைவனை வென்றபின் அங்குள்ள சிலையில் கிரிஸ்டலை வைத்தால் அடுத்த லெவலுக்குத் தேவையான மிச்சப் புள்ளியை விளையாட்டே நிரப்பும். அதனால் லெவல் ஏறிய கையோடு வைப்பதுதான் லாபம். 190-ல் இருக்கும்போது வைத்து வெறும் 10 புள்ளி வாங்குவது தண்டம்.

ஜப்பானிய டிஸ்க் பதிப்பு இதைவிடக் கொடுமை: உயிர் தீர்ந்தால் மூன்று லெவல்களும் அவற்றில் எது குறைவோ அதற்கு இறங்கிவிடும். அதில் மட்டும் மூன்றையும் சமமாக ஏற்றுங்கள்.

கேள்வி: கேடயம் வைத்த அயர்ன் நக்கிள் வீரனை அடிக்கவே முடியவில்லை. எங்கே குத்தினாலும் தடுக்கிறான்.

பதில்: அவன் உங்களைப் பார்த்துத்தான் கேடயத்தை நகர்த்துகிறான். நின்றால் மேலே, குனிந்தால் கீழே. ஒரே உயரத்தில் இரண்டு முறை குத்தினால் இரண்டாவது வீண். நெருங்கிக் குதித்து, கீழே இறங்கும்போது குத்துங்கள். கேடயத்துக்கு மேலே தலையில் படும். பட்டதும் ஓரடி பின்வாங்கி மறுபடி குதியுங்கள். பட்டனைப் படபடவென்று அழுத்துவதால் பயனில்லை.

அயர்ன் நக்கிள்களில் நீல நிறத்தவன் தூரத்திலிருந்தே வாள் எறிவான். மேலே வருவதை நின்று தடுக்கலாம், கீழே வருவதைக் குனிந்து தடுக்கலாம். புதிய டிவியில் ஆடுகிறீர்களா? தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடைப் போடுங்கள். இந்தச் சண்டையில் பட்டன் தாமதம் இரண்டு மூன்று ஃப்ரேம் (நொடிக்குச் சுமார் 60 ஃப்ரேம்) ஆனாலே குத்து தவறும். திறமைக் குறைவு என்று தப்பாக நினைத்துக்கொள்வோம்.

கேள்வி: வரைபடத்தில் நடக்கும்போது ஓயாமல் சண்டைக்கு இழுக்கிறார்களே?

பதில்: பாதையில் நில்லுங்கள். வரைபடத்தில் திரியும் எதிரியின் நிழலுருவம் மோதும்போது நீங்கள் சாலைக் கட்டத்தில் இருந்தால் எதிரியே இல்லாத காட்சிதான் வரும், நடந்து வெளியேறிவிடலாம். காட்டிலோ சதுப்பிலோ மோதினால்தான் சண்டை. சின்ன உருவம் லேசானவன், பெரிது கடினமானவன். புள்ளி வேண்டுமென்றால் சின்னதைத் தேடிப் போங்கள்.

கேள்வி: கூடுதல் உயிர் தரும் பொம்மையைக் கண்டதும் எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். ஒரு முறை எடுத்தால் திரும்ப வராது. கடைசி அரண்மனைக்குக் கிளம்பும் நாளில் அள்ளிக்கொள்ளுங்கள். அங்கே தண்டர்பேர்டு என்ற பெரிய எதிரிக்குத் தண்டர் மந்திரம் கட்டாயம், அதற்கு மேஜிக் மிச்சம் வையுங்கள். பின்னால் வரும் நிழல் லிங்க்கிடம் (நாயகன் லிங்க்கின் நிழல் வடிவ எதிரி) வீரம் காட்ட வேண்டியதில்லை: இடது ஓரத்தில் குனிந்து குத்திக்கொண்டே இருந்தால் அவனே வந்து விழுவான். அசிங்கமான வழிதான், ஆனால் வேலை செய்யும்.

கேள்வி: பழைய கார்ட்ரிட்ஜில் சேவ் நிற்கவில்லை.

பதில்: உள்ளே CR2032 பேட்டரி தீர்ந்திருக்கும். 3.8 மி.மீ. சிறப்பு பிட் கொண்டு திறந்து, தகடு வைத்த CR2032-ஐ முனை மாறாமல் சால்டர் செய்யுங்கள். சாதாரண பேட்டரியின் மேல் நேரடியாகச் சூடு வைக்கக் கூடாது. பழைய சேவ் ஏதாவது மிச்சமிருந்தால் பேட்டரியைக் கழற்றியதும் அழியும். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் ரீசெட்டை அழுத்திப் பிடித்தபடியே பவரை அணையுங்கள்.