மலை இறக்கத்துல லாரிக்கு வைக்கிற எச்சரிக்கை போர்டு: கேட்டதும் சொன்னதும்

வணக்கம். 24 வருஷம் ஹெவி வண்டி ஓட்டிட்டு இப்ப புது டிரைவர்களுக்கு மலைப்பாதை ஓட்ட சொல்லிக் குடுக்கிறேன். இறக்கத்துல வர்ற எச்சரிக்கை போர்டு பத்தி என்ன சந்தேகம்னாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், நிறைய பேர் கேட்டிருக்கீங்க. ஒரே மாதிரி கேட்டவங்களுக்கு சேர்த்தே சொல்லியிருக்கேன்.

கேள்வி: அண்ணே, நான் கார் ஓட்டுறவன். சரிவுல லாரி நிக்கிற மாதிரி படம் போட்டு 6%னு எழுதியிருக்கு. பார்த்தா ரோடு அவ்ளோ சரிவா தெரியலையே, இதுக்கு எதுக்கு இத்தனை போர்டு?

பதில்: 100 மீட்டர் முன்னாடி போனா 6 மீட்டர் கீழ இறங்குறோம்னு அர்த்தம் தம்பி. சில இடத்துல 1:10னு போட்டிருப்பாங்க, அது 10%. நீங்க சொல்றது சரிதான், 6%ன்றது டிகிரில மூணரை கூட வராது, கண்ணுக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் இருக்கும். ஆனா லாரிக்காரன் அந்த நம்பரோட நிறுத்திக்கக் கூடாது, அதுக்குக் கீழ சின்ன பலகையில "அடுத்த 10 கி.மீ."னு இருக்கும் பாருங்க, ஆளைக் கவுக்குறது அதுதான். 6%ல 10 கி.மீ. போனா 600 மீட்டர் கீழ வந்துருப்போம். 40 டன் வண்டி 600 மீட்டர் இறங்குனா அதுல வெளிய வர்ற சக்தி கிட்டத்தட்ட 235 மெகாஜூல், அதாவது ஆறரை லிட்டர் டீசலை எரிச்சா வர்ற சூடு. காத்தும் டயர் உரசலும் கொஞ்சம் வாங்கிக்கும், மிச்சத்தை என்ஜின் வாங்கணும், என்ஜினை வாங்க விடலைன்னா மொத்தமும் பிரேக் டிரம்முக்குள்ள (சக்கரத்தோட சுத்துற இரும்பு வளையம், பிரேக் அதைத்தான் பிடிக்கும்) போகும். 12%ல அரை கி.மீ. இறக்கத்தை பிரேக்லயே சமாளிச்சு வந்துடலாம், 6%ல 10 கி.மீ. அப்படி வர முடியாது. அதனால போர்டுல ரெண்டு நம்பரையும் சேர்த்துப் படிக்கணும்.

கேள்வி: புது டிரைவர் சார். எந்த கியர்ல இறங்கணும், எப்ப மாத்தணும்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

பதில்: எப்பன்றதுக்கு முதல்ல சொல்லிடறேன். உச்சியில, இறக்கம் தொடங்குறதுக்கு முன்னாடியே மாத்திடணும். போர்டை அவ்ளோ முன்னாடியே வைக்கிறது அதுக்குத்தான். அதைப் பார்க்கிற இடத்துலதான் உங்க கையில முடிவு இருக்கு, அஞ்சு நிமிஷம் கழிச்சு இருக்காது. வேகம் ஏறுன பிறகு கீழ் கியர் போட்டா விழாது, எடுத்த கியரும் திரும்ப விழாம வண்டி நியூட்ரல்ல நிக்கும், அப்புறம் என்ஜின் பிடிமானம் சுத்தமா போயிடும், பிரேக் ஒண்ணுதான் மிச்சம்.

எந்த கியர்னா, "ஏறுன கியர்லயே இறங்கு"ன்னு பெரியவங்க சொல்வாங்க, அது பழைய வண்டிக்குச் சரி. இப்ப வர்ற வண்டிங்க என்ஜின் பவர் அதிகம், மேட்டை பெரிய கியர்லயே ஏறிடும், பாடியும் டயரும் காத்தைக் கிழிச்சு சுலபமா உருள்ற மாதிரி செஞ்சிருக்காங்க, அதனால ஏறுனதை விட ஒண்ணு ரெண்டு கியர் கம்மியாவே இறங்கணும். கணக்கு சொல்றேன் பாருங்க. அதே 40 டன் வண்டி 6% இறக்கத்துல 80 கி.மீ. வேகத்துல வந்தா அந்த வேகத்தை ஏறாம பிடிச்சு வைக்க சுமார் 700 குதிரைத்திறன் வேணும். 40ல வந்தா 350 போதும். பெரிய என்ஜின்ல என்ஜின் பிரேக் (என்ஜினையே தடையா வச்சு வண்டியைப் பிடிக்கிறது) என்ஜின் நல்ல வேகத்துல சுத்தும்போது 300, 400 குதிரைத்திறன் வரைக்கும் பிடிக்கும், ஆக 40ல வர்றவன் பிரேக்ல காலே வைக்காம வந்துடலாம், 80ல வர்றவனுக்கு பாதி பாரம் டிரம் மேலதான். புகைக்குழாயை அடைச்சுப் பிடிக்கிற வெறும் எக்ஸாஸ்ட் பிரேக் மட்டும் இருக்கிற வண்டி இன்னும் கம்மியாத்தான் பிடிக்கும், அவங்க இன்னும் மெதுவா வரணும்.

கேள்வி: டீசல் மிச்சம் பண்ண நியூட்ரல்ல உருட்டலாமா?

பதில்: கூடவே கூடாது. மிச்சமும் ஆகாது. கியர்ல போட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா இப்ப இருக்கிற என்ஜின் டீசலை முழுசா நிறுத்திடும், சக்கரம்தான் என்ஜினைச் சுத்தும். நியூட்ரல்ல போட்டாத்தான் ஐடிலிங்குக்கு டீசல் குடிக்கும்.

கேள்வி: அமெரிக்காவுல கொலராடோ மலையில "லாரிக்காரங்களே ஏமாறாதீங்க, இன்னும் 4 மைல் இறக்கமும் வளைவும் இருக்கு"ன்னு ஒரு போர்டு படம் பார்த்தேன். கொஞ்ச தூரத்துல "இன்னும் நீங்க கீழ வந்து சேரல"ன்னு வேற. ஏன் இப்படி பேசுற மாதிரி எழுதியிருக்காங்க?

பதில்: ரொம்ப நல்ல கேள்வி. அது ஐ-70 நெடுஞ்சாலை, ராக்கி மலையில இருந்து டென்வர் பக்கம் இறங்குற ரோடு. அந்த வாசகம் ஒவ்வொண்ணும் தேவைப்பட்டுத்தான் வச்சிருக்காங்க, விளையாட்டுக்கு இல்ல. நீண்ட இறக்கத்துல நம்ம கண்ணு நம்மளை ஏமாத்தும். அரை மணி நேரமா 6%ல வந்துட்டு ரோடு 3% ஆச்சுன்னா அது சமதரை மாதிரி தெரியும், சில இடத்துல மேடு மாதிரியே தெரியும். அதோட தூரத்துல சமவெளியும் ஊரும் கண்ணுக்குப் பட்டுடும். அப்பாடா முடிஞ்சுதுன்னு டிரைவர் ரிலாக்ஸ் ஆகி மேல் கியர் போடுவான், அடுத்த வளைவு திரும்புனா மறுபடி 6%. ஏற்கனவே சூடாகிப் போன டிரம்மோட, பெரிய கியர்ல, வேகத்துல மாட்டுவான். அதனாலதான் சும்மா முக்கோணமோ மஞ்சக் கட்டமோ வைக்காம, பக்கத்து சீட்டுல உக்காந்து ஒரு ஆள் சொல்ற மாதிரி எழுதி வச்சாங்க.

அவ்ளோ எழுதி வச்சும் 2019 ஏப்ரல் 25 அன்னைக்கு அதே ரோட்டுல, லேக்வுட்ன்ற இடத்துல, மரம் ஏத்திட்டு வந்த லாரி பிரேக் போய் நெரிசல்ல நின்ன வண்டிங்க மேல மோதி 28 வண்டி அடிபட்டு 4 பேர் இறந்து போனாங்க. வர்ற வழியில தப்பிக்கிற ராம்ப் (பிரேக் போன வண்டி ஏறி நிக்கிறதுக்கு ரோட்டோரமா விட்டிருக்கிற பாதை) ஒண்ணு இருந்தது, அதைத் தாண்டி வந்துருக்கு. இதைப் படிக்கிறப்பல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும். என்கிட்ட கத்துக்க வர்ற ஒவ்வொருத்தருக்கும் இதைச் சொல்லாம விடமாட்டேன்.

உங்க போர்டுல "இறக்கம் முடிவு"ன்னு எழுதியிருந்தா மட்டும்தான் முடிஞ்சுதுன்னு நம்புங்க, அப்படி போர்டே இல்லைன்னா மேல போர்டுல படிச்ச கி.மீ.ல இருந்து வந்த தூரத்தை, வண்டியோட கிலோமீட்டர் மீட்டரைப் பார்த்து கழிச்சுக்கிட்டே வாங்க.

கேள்வி: போர்டுக்குப் பக்கத்துல "பிரேக் சரிபார்க்கும் இடம்"னு ஒதுங்க விட்டிருக்காங்களே, அங்க நின்னு என்னதான் பார்க்கிறது?

பதில்: டயரைத் தட்டிப் பார்த்துட்டு டீ குடிச்சிட்டுக் கிளம்புறதுக்கு இல்ல. ஏர் பிரஷர் (பிரேக்கை இயக்குற காத்தோட அழுத்தம்) முழுசா ஏறியிருக்கான்னு பாருங்க, 100ல இருந்து 125 பி.எஸ்.ஐ.க்குள்ள இருக்கணும். என்ஜினை நிறுத்திட்டு பெடலை அழுத்திப் பிடிச்சு எங்கயாவது காத்து புஸ்ஸுனு போகுதான்னு கேளுங்க. இறங்கி ஒவ்வொரு சக்கரத்துக்கிட்டயும் கையைக் கொண்டு போங்க, தொட வேணாம், ஒரு டிரம் மட்டும் மத்ததை விட அதிகமா காஞ்சா அது பிடிச்சுக்கிட்டே வருது, ஒண்ணு மட்டும் ஜில்லுனு இருந்தா அது வேலையே செய்யல. முக்கியமா ஸ்லாக் அட்ஜஸ்டர், அதாவது பிரேக் இடைவெளியைச் சரி பண்ற கை. பிரேக் அடிச்சா அதைத் தள்ளுற புஷ்ராடு எவ்ளோ வெளிய வருதுன்னு ஒரு ஆளை வச்சுப் பாருங்க, டைப் 30 சேம்பர்ல (ராடைத் தள்ளுற காத்து டப்பாவோட ஒரு சைஸ்) 2 இஞ்சுக்கு மேல வந்தா அந்த வண்டியை இறக்காதீங்க. ஏன்னா சூடு ஏற ஏற டிரம் விரிஞ்சு லைனரை விட்டு விலகும், ராடு இன்னும் நீளமா வரணும், ஏற்கனவே எல்லையில இருந்தா அதுக்கு மேல வர்றதுக்கு இடமே இல்ல. சமதரையில நல்லா பிடிச்ச பிரேக் மலைல பிடிக்காமப் போறது இப்படித்தான்.

கேள்வி: பிரேக்கை விட்டு விட்டு அடிக்கணுமா, லேசா அழுத்திட்டே வரணுமா?

பதில்: மொதல்ல சரியான கியர், அப்புறம்தான் இது. போர்டுல 40னு போட்டிருந்தா, வேகம் 40 தொட்டதும் வண்டி குறையுறது நல்லா தெரியற அளவுக்கு அழுத்துங்க, மூணு செகண்ட்ல 32 பக்கம் வந்துடும், முழுசா விட்டுடுங்க. மறுபடி 40 வரட்டும், மறுபடி அழுத்துங்க. படபடன்னு பம்ப் பண்ணாதீங்க, ஏர் காலியாகிடும். லேசா காலை வச்சுக்கிட்டே வந்தா டிரம்முக்கு ஆற நேரமே கிடைக்காது, அதுவுமில்லாம கம்மி பிரஷர்ல எல்லா சக்கரமும் ஒரே மாதிரி பிடிக்காது, ரெண்டு சக்கரம் மட்டும் மொத்த சூட்டையும் வாங்கும்.

கேள்வி: பாதி இறக்கத்துல பிரேக் வாசனை வருது. என்ன செய்யணும்?

பதில்: வாசனை வந்துட்டாலே நீங்க ஏற்கனவே லேட். அதுக்கப்புறம் பெடல் வழக்கத்தை விட ஆழமா போகும், அதே அழுத்துக்கு வண்டி குறையாது, கண்ணாடில புகை தெரியும். பிரேக் பிடிக்கிற வரைக்கும்தான் நிறுத்த முடியும், அதனால நிறுத்துறதுக்கு எடம் கிடைச்ச உடனே ஓரமா நிறுத்துங்க, சக்கரத்துக்கு கட்டை வைங்க, தானா ஆறட்டும், அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ ஆகட்டும். தண்ணி ஊத்தாதீங்க, டிரம் வெடிச்சு விரிசல் விடும். நான் ஓட்ட ஆரம்பிச்ச மூணாவது வருஷம் சோதனை இடத்துல நிக்காம வந்துட்டேன், கூட வந்த வண்டி முன்னாடி போயிடுச்சேன்னு அவசரம். கீழ வந்து நிறுத்தும்போது பின் சக்கரம் ரெண்டுலயும் புகை, கை நடுங்கிடுச்சு. எதிர்ல ஒரு பஸ் வந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்ல.

கேள்வி: பிரேக் போயிட்டா ஏறுற ஜல்லி ராம்ப்ல ஏறுனா வண்டி நாசமாயிடாதா? ஓனர் திட்டுவாரே அண்ணே.

பதில்: திட்டட்டும்பா. வண்டி மாட்டும், ஆக்சில் அடிபடலாம், கிரேன் வந்து இழுக்கணும். ஆள் வீட்டுக்குப் போகலாம். இந்த தயக்கத்துலதான் பல பேர் ராம்ப்பை விட்டுட்டு அடுத்த வளைவுல சமாளிச்சுடலாம்னு போறாங்க, அடுத்த வளைவுக்குப் போறப்ப வேகம் இன்னும் 20, 30 ஏறியிருக்கும். மேல இருந்து இறங்கும்போதே "ராம்ப் 2 கி.மீ.", "1 கி.மீ."னு போர்டு வரும், பிரேக் நல்லா இருந்தாலும் அதை மனசுல குறிச்சுக்கிட்டே வாங்க.

அங்க கொட்டியிருக்கிறது உருண்டைக் கூழாங்கல், கட்டடத்துக்குப் போடுற உடைச்ச ஜல்லி இல்ல. உருண்டைக் கல்லு ஒண்ணோட ஒண்ணு இறுகாது, அதனால சக்கரம் புதையும், புதைஞ்சு வண்டி நிக்கும். ஸ்டியரிங்கை நேரா பிடிச்சு நடுவுல விடுங்க, ஒடிக்காதீங்க. நின்ன பிறகு ரிவர்ஸ் எடுத்து வெளிய வரப் பார்க்காதீங்க, இன்னும் புதையும்.

கேள்வி: "என்ஜின் பிரேக் போடக் கூடாது"ன்னு சில ஊர்கிட்ட போர்டு இருக்கே? நீங்க போடச் சொல்றீங்க.

பதில்: அது சத்தத்துக்காக வைக்கிறது. என்ஜினுக்குள்ள அழுத்துன காத்தை வால்வு திறந்து வெளிய விடுறதால சைலன்சர் சரியில்லாத வண்டில மெஷின்கன் மாதிரி சத்தம் வரும், தூங்குறவங்களுக்குத் தொந்தரவு. சைலன்சரை சரியா வச்சுக்கோங்க, அந்த இடத்துல இன்னும் கீழ் கியர்ல மெதுவா வாங்க. ஆனா பிரேக் பிடிக்காத அவசரத்துல சத்தத்தைப் பத்தி யோசிக்காதீங்க.

இந்த பிரேக்கே ஒரு இறக்கத்துல பொறந்ததுதான். 1931ல, கம்மின்ஸ் என்ஜின் கம்பெனியை ஆரம்பிச்ச கிளெஸ்ஸி கம்மின்ஸ் தன்னோட டீசல் லாரியில அமெரிக்காவைக் குறுக்கால கடந்து போறப்ப கலிபோர்னியாவுல கஜோன் கணவாய் இறக்கத்துல பிரேக் பிடிக்காமப் போச்சு, கீழ ரயில்வே கிராசிங்ல சரக்கு ரயில் போயிட்டு இருக்கு, ரயிலோட கடைசிப் பெட்டி நகர்ந்த கையோட மயிரிழையில தப்பிச்சாங்க. அதை அவர் மறக்கவே இல்ல, ரிட்டயர் ஆன பிறகு உக்காந்து இந்த என்ஜின் பிரேக்கை உருவாக்குனார், 1961ல ஜேக்கப்ஸ் கம்பெனி விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஜேக் பிரேக்னு சொல்றது அதனாலதான்.

கேள்வி: மழையிலயும் என்ஜின் பிரேக் போடலாமா சார்?

பதில்: போடலாம், ஆனா பிடிமானம் கம்மியா இருக்கிற ஸ்டேஜ்ல வச்சு. அது டிரைவ் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும், வழுக்குற ரோட்டுல, அதுவும் காலி வண்டில, அந்த சக்கரம் மட்டும் லாக் ஆகி ட்ரெய்லர் மடங்கிடும். வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைங்க.

கேள்வி: நாங்க குடும்பத்தோட கார்ல போறவங்க அண்ணா. எங்க பக்கம் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கா?

பதில்: இருக்கும்மா, கேட்டதுக்கு ரொம்ப நன்றி. இறக்கத்துல லாரி முன்னாடி விடுற இடைவெளி காலியா தெரியுதுன்னு கட் அடிச்சு உள்ள நுழையாதீங்க, அவர் பிரேக்கை மிச்சம் பிடிக்கத்தான் அந்த இடைவெளியை வச்சிருக்கார், நீங்க நுழைஞ்சா ஒரு முறை முழு பிரேக் அடிக்கணும், அந்த சூட்டுல, அவருக்கு அடுத்த வளைவுல தேவைப்படுற பிரேக் குறைஞ்சு போகும். லாரி மெதுவா இறங்குதேன்னு பின்னாடி நின்னு ஹாரன் அடிக்காதீங்க, சரியா ஓட்டுற டிரைவர் அவர்தான். ராம்ப் வாசல் அகலமா காலியா இருக்குன்னு அங்க காரை நிறுத்தி போட்டோ எடுக்கிறவங்களை நானே பல தடவை பார்த்து இறங்கி கெஞ்சியிருக்கேன், தயவு செஞ்சு அங்க நிக்காதீங்க. பின்னாடி ஒரு லாரி விடாம ஹாரன் அடிச்சு லைட்டைப் போட்டுப் போட்டு வந்தா கோவப்படாம வழி விட்டு ஒதுங்கிடுங்க, அவர்கிட்ட பிரேக் இல்லாம இருக்கலாம்.